கவலை மீனுக்கு வந்த கவலை: கடலூர் துறைமுகத்தில் ஒரு காலைப்பொழுது

காலை ஐந்தரை மணி. கடலூர் முதுநகர் மீன்பிடித் துறைமுகத்துக்குள் நுழைந்தால், ஐஸ் உடைக்கும் சத்தம்தான் முதலில் வரவேற்கிறது. கரையோரம் வரிசையாகப் படகுகள். மீன் கூடைகளைச் சுற்றிப் பெண்கள் கூட்டம். எல்லாச் சத்தத்துக்கும் மேலே ஏலம் விடுபவரின் குரல்.

வஞ்சிரமும் வவ்வாலும் இருக்கும் பக்கம் ஹோட்டல்காரர்கள் நிற்கிறார்கள். நான் போனது அந்தப் பக்கம் இல்லை. மத்தி, கவலை, நெத்திலி என்று பொடி மீன்கள் வெள்ளியாக மின்னிக் குவிந்திருக்கும் இடத்துக்கு. "பேருதான் கவலை. இதை வாங்கிட்டுப் போனா வீட்ல சாப்பாட்டுக் கவலை இல்ல தம்பி" என்று சிரிக்கிறார் ஒரு கூடைக்கார அக்கா.

உண்மைதான். வஞ்சிரத் துண்டு வாங்கும் காசில் இதை வாங்கினால் இரண்டு நாள் குழம்பு வைக்கலாம். மத்தியில் ஒமேகா 3 இருக்கிறது. நெத்திலியை முள்ளோடு சாப்பிடுவதால் கால்சியமும் கிடைக்கிறது. மிஞ்சினால் கருவாடு.

ஆனால், இந்த மீன்களை நம்பியிருப்பது நம் வீட்டு அடுப்பு மட்டும் இல்லை. கடலில் மிதக்கும் நுண்ணுயிர்களைத் தின்று வளர்பவை இவை. இவற்றைத் தின்று வளர்பவை வஞ்சிரம், சூரை, ஷீலா, டால்பின், கடற்பறவைகள். கடலுக்கே சோறு போடும் மீன்கள் என்று சொல்லலாம். பொடி மீன் குறைந்தால், பெரிய மீனும் பட்டினிதான்.

கடலூரில் இதைப் பற்றிப் பேச்செடுத்தால், சுருக்குமடி வலையில்தான் வந்து நிற்கிறது. பாட்டி இடுப்பில் செருகியிருக்கும் சுருக்குப்பை ஞாபகம் இருக்கிறதா? அதே வேலைதான். மீன் கூட்டத்தைச் சுற்றி வலையைச் சுவர்போல இறக்கி, அடிக்கயிற்றை இழுத்தால் பை மூடிக்கொள்ளும். பெரிய மீனிடமிருந்து தப்பிக்கத்தான் இவை கூட்டமாகத் திரிகின்றன. அந்தப் பழக்கமே இங்கே வினையாகிறது. ஒரே இழுப்பில் மொத்தக் கூட்டமும் வலைக்குள்.

தமிழக அரசு 2000-ம் ஆண்டிலேயே இந்த வலைக்குத் தடை போட்டது. 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இடைக்கால உத்தரவு ஒன்றில், 12 கடல் மைலுக்கு அப்பால், திங்களும் வியாழனும் மட்டும், காலை 8 முதல் மாலை 6 வரை நிபந்தனைகளோடு அனுமதித்தது. இந்த விஷயத்தில் மீனவ ஊர்களே இரண்டாகப் பிரிந்து நிற்கின்றன. 'மொத்தத்தையும் அவங்க அள்ளிட்டா எங்களுக்கு என்ன மிச்சம்?' என்பது ஃபைபர் படகுக்காரர்களின் குறை. 'கடன் வாங்கிப் போட்ட வலையை என்ன செய்யறது?' என்பது சுருக்குமடிக்காரர்களின் கேள்வி. இரண்டுமே வயிற்றுப்பாடு.

அள்ளிய மீனெல்லாம் சமையலறைக்கு வருவதும் இல்லை. ஒரு பங்கு மீன்தூள் ஆலைக்குப் போய், கோழிக்கும் இறாலுக்கும் தீவனமாகிறது. ஒரு கிலோ மீன்தூளுக்கு நான்கைந்து கிலோ பச்சை மீன் தேவை.

இப்படியே போனால் என்ன ஆகும்? கேரளாவைப் பார்க்கலாம். 2012-ல் அங்கே பிடிபட்ட மத்தி சுமார் 4 லட்சம் டன். 2021-ல் வெறும் 3,297 டன். கடல் சூடானது, எல் நினோ என்று காரணங்கள் பல. குஞ்சுகளையும் விடாமல் பிடித்ததும் அவற்றில் ஒன்று. 10 சென்டிமீட்டருக்குக் குறைந்த மத்தியைப் பிடிக்க அங்கே தடை உண்டு. 2022-ல் மத்தி மீண்டும் லட்சம் டன்னைத் தாண்டியது.

எல்லாக் கடலும் அப்படி மீண்டுவிடுவதில்லை. ஆப்பிரிக்காவின் நமீபியா கடலில் 1960-களில் மத்தியை வாரி வாரிப் பிடித்தார்கள். மத்தி வளம் சரிந்தது. அந்த இடத்தை ஜெல்லி மீன்கள் பிடித்துக்கொண்டன. 2006-ல் வெளியான ஓர் ஆய்வு, அங்கே ஜெல்லி மீன்களின் மொத்த எடை 1.22 கோடி டன், மற்ற மீன்களின் எடை 36 லட்சம் டன் என்று கணக்கிட்டது. அரை நூற்றாண்டு ஆகியும் பழைய மத்தி வளம் திரும்பவில்லை.

நம் கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் இருக்கிறது. ஆனால், தடைக்காலத்தில் பிறந்து பிழைத்த குஞ்சை அடுத்த மாதமே அள்ளிவிட்டால், காத்திருந்ததற்கு என்ன பலன்?

கிளம்பும்போது அந்த அக்காவிடம் ஒரு கிலோ மத்தி வாங்கினேன். சற்றுத் தள்ளி, சுண்டுவிரல் அளவுக்கும் வராத குஞ்சுகள் ஐஸ்கூட இல்லாமல் குவிந்து கிடந்தன. "இது என்ன விலைக்கா?" என்றேன்.

"அது நமக்கு இல்ல தம்பி, கோழித் தீவனத்துக்குப் போறது" என்றவர், என் பையைக் கட்டிக்கொண்டே சொன்னார்: "நாலஞ்சு மாசம் விட்டிருந்தா, அதுவும் என் கூடைக்கு வந்திருக்கும்."