ஓய்வூதியமும் ஒரு பழைய பாடமும்

புதுவையில் 'பென்ஷன்' என்ற சொல்லுக்குத் தனிக் கனம் உண்டு. 1954 நவம்பர் 1ஆம் நாள் பிரெஞ்சு ஆட்சி கைமாறிற்று. 1956இல் கையெழுத்தான ஒப்பந்தம் 1962 ஆகஸ்ட் 16இல் நடைமுறைக்கு வந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொண்ட குடும்பங்கள் பல. இந்தோசீனாவில் பணிபுரிந்து திரும்பிய 'சொல்தா'க்களின் வீடுகளும் அவற்றுள் அடங்கும். முதலில் பிராங்கிலும் பின்னர் யூரோவிலும் வந்த அப்பணம் எத்தனையோ வீடுகளுக்கு மாடி எழுப்பியது. ஆகவே, சென்ற ஆண்டு 58 வயது நிறைந்து நாம் பள்ளிப் பணியினின்று விடுபட்டபோது, "ஹஜ்ரத்துக்கு இனி என்ன குறை, பென்ஷன் வருமே" என்றவர்களை நொந்துகொள்ள இயலவில்லை.

நமக்கு வருவது வேறு வகை. தனியார் பள்ளியில் அரபும் தமிழும் கற்பித்த நாம், 1995ஆம் ஆண்டுத் தொழிலாளர் ஓய்வூதியத் திட்டத்தில் சேர்க்கப்பட்டிருந்தோம். சம்பளத்தைப் பணியாண்டுகளால் பெருக்கி 70ஆல் வகுப்பது அதன் கணக்கு. சம்பளம் எவ்வளவு உயர்ந்தாலும் 15,000 ரூபாய்க்கு மேல் கணக்கில் சேராது என 2014இல் விதித்தனர். அந்த எல்லையை எட்டும் தொல்லை நமக்கு நேர்ந்ததில்லை. பெருக்கி வகுத்து வந்த தொகை 2,700 ரூபாய். விலைவாசி ஏறினாலும் அது ஏறாது. வீடு பாட்டனார் வழி வந்தது, வாடகை இல்லை. எனினும் அரிசி, மருந்து, மின்கட்டணம் என்று சுருக்கிச் சுருக்கிப் பார்த்தும் இருவர் செலவு 10,000க்குக் கீழ் இறங்கவில்லை.

அந்த எண்ணைத் தாளில் எழுதியதும் மதரஸாப் பாடம் நினைவில் எழுந்தது. ஜகாத் பெறத் தகுந்த எண்வகையினரில் முதலிருவர் பகீரும் மிஸ்கீனும். ஷாபிஈ சட்ட நூல்கள் இவர்களை விளக்க எடுத்தாளும் எண்ணும் பத்துதான். பத்துத் தேவைப்படுபவனுக்கு இரண்டோ மூன்றோ கிடைத்தால் அவன் பகீர். ஏழோ எட்டோ கிடைத்தால் மிஸ்கீன். ஹனபி அறிஞர்கள் இதை மாற்றிக் கூறுவர்: ஏதுமற்றவனே மிஸ்கீன். ஷாபிஈ தரப்பார் கஹ்பு அத்தியாயத்தைச் சான்று காட்டுவர். அங்கே கடலில் உழைத்த மிஸ்கீன்களுக்குக் கப்பலொன்று சொந்தமாயிருந்ததன்றோ! காலை மதரஸாவில் இந்த வழக்கை முப்பதாண்டுகள் உரைத்திருக்கிறோம். பகீர் என்றதும் பிள்ளைகள் தாயிரா தட்டி வரும் பக்கீர் பாவாவை எண்ணிச் சிரிப்பார்கள். கசங்காத சட்டையணிந்து எதிரே அமர்ந்திருப்பவரும் அவ்வகையில் சேரக்கூடும் என அவர்களுக்கு எப்படித் தோன்றும்?

அதே நூல்கள் மேலும் இரண்டு கேள்விகள் கேட்கின்றன. தகுதிக்கேற்ற தொழில் செய்ய உடல் இடந்தருகிறதா? பேணக் கடமைப்பட்ட, வசதியுள்ள மகன் இருக்கிறானா?

முதற்கேள்விக்கு விடை எளிது. மாலையில் நான்கு வீடுகளுக்குச் சென்று ஓதிக் கொடுக்கிறோம். மாதம் 4,500 வருகிறது. ஆக 7,200. பகீர் நிலையிலிருந்து மிஸ்கீனாக உயர்ந்தோம். பணிக்காலத்தில் கிட்டாத பதவி உயர்வு இது!

இரண்டாம் கேள்விதான் நெஞ்சை அறுத்தது. மகன் சென்னையில் உத்தியோகத்தில் இருக்கிறான், இரு குழந்தைகள். மூன்று வாரம் தள்ளிப்போட்டோம். வறிய பெற்றோரைப் பேணுவது உபகாரமன்று, கடமை என்று ஊரார் பிள்ளைகளுக்கு எத்தனையோ முறை எடுத்துரைத்த வாய், தன் பிள்ளையிடம் திக்கியது. இறுதியில் இல்லாள்தான் தொலைபேசியை எடுத்துக் கையில் கொடுத்தார். தொகையைச் சொன்னோம்: 2,800. "வாப்பா, எப்பவோ கேட்டிருக்கலாமே" என்றான். அதன்பின் இருவரும் நெடுநேரம் பேரக்குழந்தைகளின் பள்ளிக்கூடத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம்.

ரமலானின் கடைசிப் பத்தில் மஹல்லா இளைஞர் ஒருவர், நம் பழைய மாணவர், கையில் உறையுடன் வந்தார். ஜகாத் என்று சொல்ல நாவெழாமல், "சின்ன ஹதியா, ஹஜ்ரத்" என்றார். கணக்கை விளக்கினோம், பத்துக்குப் பத்து நிறைந்துவிட்டது, எனவே இது நமக்கு ஆகாது என்றோம். அவர் முகம் தெளிந்து, அப்படியானால் பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிடட்டுமா எனக் கேட்டார். இந்த முழங்கால் இன்னும் எத்தனை காலம் நான்கு வீட்டுப் படிகளை ஏறும் என்பதை அல்லாஹ்வே அறிவான். "எடுக்க வேண்டாம் தம்பி, பென்சிலால் எழுதி வையுங்கள்" என்றோம்.