உங்கள் மேசையில் இடமுண்டா?



டிசம்பர் மாதம் வந்துவிட்டால் நம்மில் பலர் நகரத்து வீட்டைப் பூட்டிவிட்டுச் சொந்த ஊருக்குப் புறப்படுகிறோம். எங்களுக்கும் அப்படி ஓர் ஊர் உண்டு. பொள்ளாச்சியிலிருந்து மேற்கே கேரளத்துக்குள் நுழையும் எல்லையில் இருக்கிற மீனாட்சிபுரம், என் கணவருடைய ஊர். வீட்டைச் சுற்றிலும் தென்னந்தோப்பு; தெற்கே ஆனைமலைத் தொடர். மேற்குத் தொடர்ச்சி மலையில் ஏறக்குறைய 30 கிலோமீட்டர் அகலத்துக்குத் திறந்து கிடக்கும் பாலக்காட்டுக் கணவாய் வழியாக டிசம்பரில் கிழக்குக் காற்று ஓயாமல் வீசும். பனிமழையோ, ஊசியிலைக் காடோ அங்கே கிடையாது.

இருந்தும், 2022-ஆம் ஆண்டு டிசம்பரில் அந்த வீட்டின் உணவு மேசையில் ஒரு பனிக்காட்டை அமைத்தே தீரவேண்டும் என்று நான் தீர்மானித்தேன். பெங்களூரிலிருந்து கொழுந்தனார் குடும்பம் வருவதாக இருந்தது. ஒரு படத்தில் கண்ட மேசை என் மனதைவிட்டு அகலவில்லை. வெண்மையான விரிப்பு, நடுவே தேவதாரு மரங்கள், மான் பொம்மைகள், கிளைகளின்மேல் பனி. கோயம்புத்தூரிலே 1,850 ரூபாய்க்குப் பிளாஸ்டிக் கிளைகள், தெர்மோகோல் மணிகள், ஜிகினாத் தூள், வாசனை மெழுகுவர்த்திகள் ஆகியவற்றை வாங்கினேன். அரை நாள் உழைத்து மேசையை அலங்கரித்தேன். பிள்ளைகள் கைதட்டினார்கள். என் உள்ளமும் பெருமிதம் கொண்டது.

உணவு வேளையில்தான் என் தவறு வெளிப்பட்டது. தட்டு வைக்க இடமில்லை. மின்விசிறியைப் போட்டவுடன் தெர்மோகோல் மணிகள் பறந்து குழம்பில் விழுந்தன. எதிரே அமர்ந்தவர் முகத்தைக் கிளைகள் மறைத்தன. எல்லாரும் நெருக்கிக்கொண்டு அமர்ந்தபோது, என் தாயாரை மாத்திரம் காணவில்லை. தேடிச் சென்றேன். சமையலறைத் தரையில், சுவரோரமாக, தட்டை மடியில் வைத்து உண்டுகொண்டிருந்தார்கள்.

"ஏன் அம்மா இங்கே உட்கார்ந்தீர்கள்?" என்றேன்.

"மேசையில இடமில்லையே பாப்பா. சம்பந்தி வீட்டுல நாம ஒதுங்கி இருந்தாத்தான் மரியாதை" என்றார்கள். பிறகு குரலைத் தாழ்த்தி, "அந்த வெள்ளையைப் பார்த்துக்கிட்டே எனக்குச் சோறு இறங்காது" என்றார்கள்.

அந்தச் சொல்லின் பொருளை நீங்கள் அறியவேண்டுமானால், என் தாயார் யார் என்று நான் சொல்லவேண்டும். அவர்கள் மூணாறு மலையில் 30 ஆண்டுகளுக்கு மேல் தேயிலைக் கொழுந்து பறித்தவர்கள். நான் பிறந்து வளர்ந்தது அங்குள்ள ஒரு லயத்தில்தான். வேலையிலிருந்து ஓய்வு பெற்றால் லயத்து வீட்டையும் விட்டுவிட வேண்டும். ஆகவே அவர்கள் 2016-இல் ஒரு டிரங்குப் பெட்டியுடனும் ஒரு கறுப்புக் கம்பளியுடனும் கோயம்புத்தூரில் எங்களிடம் வந்து சேர்ந்தார்கள்.

மூணாறிலே டிசம்பர் கடைசி முதல் பிப்ரவரி வரை, மேகமற்ற இரவுகளில் உறைபனி விழும். குளிர்ந்த காற்று கனமானது. அது மலைச்சரிவில் வழிந்து பள்ளத்தாக்குகளில் தேங்கி நிற்கும். விடியும்போது புல்லும் தேயிலைச் செடியும் வெண்மையாய்க் காணப்படும். 2019 ஜனவரியில் அங்கே வெப்பநிலை தொடர்ந்து சில நாட்கள் பூஜ்யத்துக்குக் கீழே இறங்கியது. சுற்றுலாப் பயணிகள் அதைக் காண விடியற்காலையிலேயே ஓடி வருகிறார்கள். ஆனால் தோட்டத் தொழிலாளிக்கு அது வேறொரு காட்சி. உறைந்த இலையின்மேல் வெயில் பட்டவுடன் அது தீப்பட்டதுபோல் கருகிவிடும். செடி மறுபடி துளிர்க்க வாரங்கள் பல ஆகும். நாள் ஒன்றுக்கு 21 கிலோ என்ற அளவுக்குமேல் பறிக்கும் கொழுந்துக்குத்தான் கூடுதல் பணம் கிடைத்துவந்தது. கொழுந்தே இல்லாத இடத்தில் கூடுதல் எங்கே? என் பள்ளிச் செலவு அந்தக் கூடுதல் பணத்திலிருந்துதான் வந்தது. நான் பஞ்சிலும் தெர்மோகோலிலும் அழகாய்ச் செய்துவைத்தது, என் தாயாரின் கூலியைக் கருக்கிய அதே வெண்மையை. இதை நான் நினைக்கவேயில்லை.

அன்று இரவு எனக்கு உறக்கம் வரவில்லை. பனிக்கால அலங்காரமே தவறு என்று தள்ளிவிடவும் மனம் ஒப்பவில்லை. இந்த வழக்கம் எங்கிருந்து வந்தது என்று யோசித்தேன். குளிர் தேசங்களில் மரங்கள் இலையுதிர்த்து மொட்டையாய் நிற்கும் நாட்களில், பசுமை மாறாத கிளைகளை மக்கள் வீட்டுக்குள் கொண்டுவந்தார்கள். 1839-ஆம் ஆண்டு ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரிலே, ஏழைப் பிள்ளைகளுக்கு இல்லம் நடத்திய போதகர் யோகான் ஹின்ரிச் விக்கெர்ன், ஒரு வண்டிச் சக்கரத்தில் நான்கு பெரிய வெள்ளை மெழுகுவர்த்திகளையும், வார நாட்களுக்காகச் சிறிய சிவப்பு மெழுகுவர்த்திகளையும் பொருத்தினார். பண்டிகைக்கு இன்னும் எத்தனை நாள் என்று கேட்ட பிள்ளைகள் எண்ணிப் பார்ப்பதற்காக அவர் செய்த ஏற்பாடு அது. இன்று பல நாடுகளில் மேசையை அலங்கரிக்கும் வளையத்தின் ஆரம்பம் அதுவே. கவனித்தீர்களா? கையருகே இருந்த பழைய சக்கரத்தைக்கொண்டு, வீடில்லாத பிள்ளைகளுக்காகச் செய்யப்பட்டது அது. நானோ, தொலைவிலிருந்து வந்த பொருளை வாங்கி, வீட்டிலிருந்த தாயாரை வெளியே தள்ளினேன்.

மறுநாள் காலையில் அனைத்தையும் எடுத்துவிட்டேன். தாயாரிடம் போய், "அம்மா, நம் மலையை மேசையில் வைக்கவேண்டும். எப்படி வைக்கலாம், சொல்லுங்கள்" என்றேன். சற்று நேரம் என்னையே பார்த்தார்கள். பின்பு தங்கள் துணிப்பையைக் கொண்டுவந்து கவிழ்த்தார்கள். முந்தின வாரம் உடுமலைப்பேட்டை, மறையூர் வழியாக மூணாறுக்குப் போய்ப் பெரியம்மா வீட்டில் தங்கியபோது, லயத்தின் முன் உதிர்ந்து கிடந்த சில்வர் ஓக் இலைகளையும் யூகலிப்டஸ் காய்களையும் அவர்கள் பொறுக்கி வைத்திருந்தார்கள். எதற்கு என்று கேட்டேன். "மணத்துக்குத்தான்" என்றார்கள்.

சில்வர் ஓக் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்து, நம் தேயிலைத் தோட்டங்களுக்கு நிழல் தரும் மரம். அதன் இலை மேற்புறம் பச்சை, அடிப்புறம் வெள்ளி. அடிப்புறம் மேலே தெரியும்படி அடுக்கினால், தெர்மோகோல் இல்லாமலே பனிக்காலத்தின் தோற்றம் வந்துவிடுகிறது. தோப்பிலிருந்து காய்ந்த தென்னம்பாளையின் உறை ஒன்றை என் மாமனார் கழுவித் துடைத்துக் கொடுத்தார். தோணிபோன்ற அந்த உறையில் இலைகளையும் காய்களையும் பிள்ளைகள் அடுக்கினார்கள். இரண்டு சிரட்டைகளில் மணல் நிரப்பி, மணமில்லாத மெழுகுவர்த்திகளை நிறுத்தினோம். ஒரு ரூபாய்கூடச் செலவில்லை.

சகோதரியே, நீங்களும் இப்படிச் செய்ய விரும்பினால், நான் கற்றுக்கொண்ட சிலவற்றைச் சொல்லுகிறேன். முதலாவது, எத்தனை பேர் உண்பார்கள் என்று எண்ணுங்கள். ஒருவருக்கு இரண்டடி இடம் வேண்டும். தட்டுகளை முதலில் வையுங்கள். மீதியுள்ள இடமே அலங்காரத்துக்கு உரியது. இரண்டாவது, அலங்காரம் ஒரு சாண் உயரத்தைத் தாண்டவேண்டாம். எதிரே இருப்பவர் முகம் தெரியவேண்டும். மூன்றாவது, காய்ந்த இலை எளிதில் தீப்பற்றும்; ஆகையால் மெழுகுவர்த்தியைத் தனிச் சிரட்டையில், இலைக்கு அப்பால் வையுங்கள்; மின்விசிறியின் காற்றையும் கவனியுங்கள். நான்காவது, கொடைக்கானலிலோ வாகமணிலோ கிடைக்கும் பைன் காய்களை வைப்பதானால் இரண்டு நாள் வெயிலில் காயவிடுங்கள். ஈரத்தில் மூடிக்கொள்ளும் அதன் செதில்கள் உலர்ந்தால் விரியும், பூச்சிகளும் வெளியேறும். ஐந்தாவது, ஜிகினாத் தூளும் தெர்மோகோலும் உணவருகே வேண்டாம். அரளி இலையும் பூவும் அழகாயிருந்தாலும் நஞ்சு. அவற்றை மேசைக்குக் கொண்டுவராதீர்கள். இரவிகுளம் தேசியப் பூங்கா, சின்னாறு சரணாலயம் போன்ற இடங்களிலிருந்து எதையும் எடுக்கக்கூடாது. அது சட்டப்படி குற்றம். வீட்டு முற்றத்தில் உதிர்ந்ததே போதும்.

அன்று மதியம் என் மாமியார் என் தாயாரின் கையைப் பிடித்து, "சம்பந்தி, நீங்கள் உட்கார்ந்த பிறகுதான் நான் பரிமாறுவேன்" என்று சொல்லி, மேசையின் நடுப்பக்கத்து நாற்காலியில் அமர்த்தினார்கள். அம்மாவுக்குக் கால் தொங்கவிட்டு உண்டு பழக்கமில்லை. சிறிது நேரத்தில் இரண்டு கால்களையும் நாற்காலியின்மேல் மடித்துக்கொண்டார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை.

கொழுந்தனாரின் மகன் ஓர் இலையை எடுத்து முகர்ந்து, "அம்மாச்சி, இது எந்த மரம்?" என்று கேட்டான். அப்போது தொடங்கினார்கள். விடியலில் அடுப்பு மூட்டியது, கம்பளியைத் தலையில் போட்டுக்கொண்டு மலையேறியது, பனியில் விரல் மரத்துப்போய்க் கொழுந்து பிடிபடாமல் அழுதது, கருகிய செடி ஒருநாள் காலையில் மறுபடியும் துளிர்விட்டிருந்ததைக் கண்டது, எல்லாவற்றையும் சொன்னார்கள். என் மகன் மூணாறை விடுதிகளும் படகுகளும் உள்ள ஊர் என்றே எண்ணியிருந்தான். தன் தாயைப் படிக்கவைத்த கைகள் எவை என்று அவன் அன்றுதான் அறிந்தான். ரசம் ஆறிப்போனது. ஒருவரும் எழுந்திருக்கவில்லை.

பிரியமானவர்களே, நம் சபைகளிலே சிலர் டிசம்பரில் வீட்டை அலங்கரிக்கிறார்கள், சிலர் தவிர்க்கிறார்கள். அது அவரவர் மனச்சாட்சியைச் சார்ந்தது. ஆனால் மேசை எல்லார் வீட்டிலும் உண்டு; அல்லது பந்திப்பாயாவது உண்டு. நம் ஆண்டவர் மற்றவர்கள் ஒதுக்கிவைத்தவர்களோடு பந்தியமர்ந்தவர் அல்லவா? இந்த ஆண்டு நீங்கள் பந்தி விரிக்கும்போது, அலங்காரத்தைப் பார்ப்பதற்கு முன்பு ஒருதரம் சமையலறைப் பக்கம் எட்டிப் பாருங்கள். அங்கே சுவரோரமாக யாராவது தட்டை மடியில் வைத்துக்கொண்டு அமர்ந்திருக்கிறார்களா? அவர்களுக்கு இடம் செய்துவிட்டு, பிறகு ஜெபித்து உண்ணுங்கள்.