பேத்தி ஏற்ற விரதம்

உண்பதில் ஒரு நியமம் வைத்துக்கொள்வது நம் பெரியோர் காட்டிய வழி. ஏகாதசியன்று அன்னத்தை விலக்குவோர் உண்டு. கந்த சஷ்டியின் ஆறு நாட்களும் ஒருவேளை உணவோடு நிறுத்திக்கொள்வோர் உண்டு. சாதுர்மாஸ்ய விரதம் நோற்பவர்கள் முதல் மாதம் காய்கறிகளையும், இரண்டாம் மாதம் தயிரையும், மூன்றாம் மாதம் பாலையும், நான்காம் மாதம் பருப்பு வகைகளையும் விலக்குகிறார்கள். ஆகவே, பாலும் தயிரும் இல்லாத உணவு நம் மரபுக்கு அந்நியமானது என்று சொல்லிவிட முடியாது. கடந்த ஓராண்டாக எங்கள் இல்லத்தில் இந்த உண்மையை நாள்தோறும் உணர்ந்து வருகிறோம்.

வங்கிப் பணியிலிருந்து ஓய்வு பெற்றபின் நானும் என் மனைவியும் சென்னைப் புறநகரான நங்கநல்லூரில் வசிக்கிறோம். முப்பத்திரண்டு அடி உயர ஆஞ்சநேயரும் ராஜராஜேஸ்வரி அம்பிகையும் அருள்புரியும் ஊர் இது. சென்ற ஆண்டு கிண்டியில் வேலை கிடைத்து, எங்கள் மகள் வயிற்றுப் பேத்தி எங்களோடு தங்க வந்தாள். வந்த அன்றே பணிவாக ஒரு செய்தியைச் சொன்னாள். பால், தயிர், மோர், வெண்ணெய், நெய், தேன் எதையும் அவள் உண்பதில்லையாம். இவ்வழக்கத்துக்கு வீகன் என்று பெயர். 1944ஆம் ஆண்டு இங்கிலாந்தில் டொனால்ட் வாட்சன் என்பவரும் அவரைச் சேர்ந்தவர்களும் ஒரு சங்கம் அமைத்தபோது பிறந்த சொல் அது. தமிழில் ‘நனிசைவம்’ என்று அழகாகச் சொல்கிறார்கள்.

பெயர் அழகாக இருந்தென்ன? என் மனைவியின் முகம் வாடிவிட்டது. பருப்புச் சாதத்தில் நெய் விட்டுப் பிசைந்து அந்தக் குழந்தைக்கு ஊட்டிய கை அவளுடையது. பேத்தியின் ஜன்ம நட்சத்திரத்தன்று வைத்த பால் பாயசம் டம்ளரிலேயே ஆடை கட்டி நின்றது. கோயிலில் தொன்னையில் தந்த சர்க்கரைப் பொங்கலை அவள் இரு கைகளாலும் வாங்கிக் கண்களில் ஒற்றிக்கொண்டு, அருகில் நின்ற முதியவரிடம் கொடுத்துவிட்டாள். வீடு வந்ததும் மனைவி என்னிடம், “சுவாமி பிரசாதத்தையே வேண்டாம் என்கிறாளே, நாளை சுவாமியையே வேண்டாம் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது?” என்று கேட்டாள். அக்கேள்வியில் கோபத்தைவிட அச்சமே மிகுந்திருந்தது.

அன்று மாலை பேத்தியை அருகில் அமர்த்திக் காரணம் கேட்டோம். கல்லூரிக் காலத்தில் ஒரு பால்பண்ணைக்குச் சென்றிருந்தாளாம். அங்கே தாயிடமிருந்து பிரித்துத் தனியே கட்டியிருந்த காளைக் கன்றுகளைப் பார்த்துவிட்டு வந்தவள், அதன்பின் பாலைத் தொடவில்லை என்றாள்.

அவள் சொன்னது எனக்குப் புரிந்தது. கறவை மாட்டுக் கடன் வழங்கிய அனுபவம் எனக்கு உண்டு. பசு கன்று ஈன்றால்தான் பால் சுரக்கும். ஈனும் கன்றுகளில் ஏறத்தாழப் பாதி காளைக் கன்றுகள். உழவுக்கு டிராக்டரும் பாரத்துக்கு லாரியும் வந்துவிட்டபின் அவற்றுக்கு வேலை இல்லை. கடன் மனுவில் பசுவின் விலை, தீவனச் செலவு, நாளைக்கு எத்தனை லிட்டர் என்ற கணக்கு எல்லாம் இருக்கும். காளைக் கன்றுக்கென்று ஒரு வரிகூட இருக்காது.

என் வயதொத்த வாசகர்களுக்கு இன்னொரு காட்சியும் நினைவிருக்கலாம். பால்காரர் மாட்டை வீட்டு வாசலுக்கே ஓட்டி வந்து கறந்து கொடுத்த காலத்தில், சிலர் அக்குளில் வைக்கோல் திணித்த ஒரு கன்றுத் தோலையும் இடுக்கி வருவார்கள். இறந்துபோன தன் கன்றென்று எண்ணி அதை நக்கிக்கொண்டே பசு பால் சுரக்கும். சிறுவர்களாகிய நாம் அதை வேடிக்கை பார்த்தோம்.

என் மனைவி விடவில்லை. “பசுவைத் தெய்வமாகக் கும்பிடுகிற குடும்பம் அல்லவா நம்முடையது?” என்றாள். பேத்தி சிரித்துக்கொண்டே, “தேர்க்காலில் கன்று அடிபட்டதும், பசு ஆராய்ச்சி மணியை அடித்ததும், மனுநீதிச் சோழன் தன் மகனையே தேர்க்காலில் இடத் துணிந்ததும் எனக்குச் சொன்னது நீங்கள்தானே பாட்டி? தூங்குவதற்கு முன் அந்தக் கதையைத்தானே தினமும் கேட்பேன்” என்றாள். அதன்பின் மனைவி ஒன்றும் பேசவில்லை. திருவாரூர்க் கதையைச் சொல்லி வளர்த்தவள், அதைக் கேட்டு வளர்ந்தவளை எப்படிக் குறை சொல்வாள்?

மறுநாள் காலை காப்பியை என் முன் வைத்தவள், “பாவம், வேலைக்குப் போகிற பெண். வெளியே பசித்தால் அவளுக்கு என்ன கிடைக்கும் என்று நீங்கள் விசாரித்து வாருங்கள்” என்றாள். அவ்வாறுதான் என் சுற்றுலா தொடங்கியது. அலுவலகப் பழக்கம் போகவில்லை. ஒரு நோட்டுப் புத்தகத்தில் மூன்று பத்தி கோடிட்டுக்கொண்டேன். தயக்கமின்றி உண்ணத்தக்கவை, கேட்டு வாங்க வேண்டியவை, விலக்க வேண்டியவை.

சிற்றுண்டிச் சாலைகளில் முதலில் பெருஞ்சிரமம். நெய் வேண்டாம் என்றால் பரிமாறுபவர் இரக்கத்தோடு பார்ப்பார். “ஏன் சார், டாக்டர் வேண்டாம்னுட்டாரா?” என்பார். வீகன் என்று சொன்னால், “நம்ம கடை சுத்த சைவம்தான் சார்” என்று பெருமையோடு பதில் வரும். தலையை ஆட்டிவிட்டுப் போனவர், கை பழகிய பழக்கத்தில் பொங்கலின்மேல் ஒரு கரண்டி நெய்யை ஊற்றிக் கொண்டு வருவார். ஒருநாள் பேத்தியும் என்னுடன் இருந்தாள். எனக்கு ஒரு யோசனை தோன்றியது. பரிமாறுபவரிடம், “தம்பி, இந்தக் குழந்தை விரதம். பால், தயிர், நெய் எதுவும் படக்கூடாது” என்றேன். அவர் முகமே மாறிவிட்டது. சமையற்கட்டை நோக்கி, “விரதம் ஒண்ணு! தோசைக்கல்லைத் துடைச்சுட்டு நல்லெண்ணெயில் போடுங்க!” என்று குரல் கொடுத்தார். மாஸ்டரே வெளியே வந்து, சாம்பாரில் நெய் இல்லை என்றும், குருமாவில் தயிர் சேர்த்திருப்பதால் அதைத் தொட வேண்டாம் என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

திரும்பி நடக்கையில் பேத்தி, “விரதம் என்றால் முடிகிற நாள் ஒன்று உண்டே தாத்தா? என்னுடையது அப்படி இல்லையே” என்றாள். “உயிருள்ளவரை காக்கிற விரதங்களும் உண்டு அம்மா. ஓர் உயிருக்காகத் தனக்குப் பிடித்ததை விடுவதற்கு வேறு என்ன பெயர்?” என்றேன். அன்றிலிருந்து அவளும் எங்கும் அப்படியே சொல்கிறாள். நம் ஊர்ச் சமையற்காரருக்குப் புதுச்சொல் புரியாமல் இருக்கலாம். விரதத்தின் மதிப்பு புரியாமல் இருக்காது.

என் நோட்டுப் புத்தகத்திலிருந்து சிலவற்றைச் சொல்கிறேன். இத்தகைய பிள்ளைகள் உங்கள் இல்லத்திலும் இருக்கலாம். தயக்கமின்றி உண்ணத்தக்கவை: இட்லி, நல்லெண்ணெயில் குழைத்த மிளகாய்ப்பொடி, மெதுவடை, வடைகறி, மாலையில் சைக்கிளில் வரும் இடியாப்பமும் தேங்காய்ப்பாலும், புட்டு, தள்ளுவண்டிச் சுண்டல், கடலை மிட்டாய், எள்ளுருண்டை, பொருள்விளங்காய் உருண்டை, சுக்கு மல்லிக் காப்பி. கேட்டு வாங்க வேண்டியவை: ரவா தோசை, பூரி, குருமா, மோர் கலக்காத கம்பங்கூழ், எண்ணெயில் சுட்ட அதிரசம். விலக்க வேண்டியவை: நெய்ப் பொங்கல், கேசரி, மைசூர்பாகு, தயிரில் ஊறிய ரவா இட்லி, பாலும் சில கடைகளில் முட்டையும் சேரும் பரோட்டா. எழுதி முடித்துப் பார்த்தபோது முதல் பத்திதான் நீளமாக இருந்தது. பால் கலவாத பண்டங்களுக்காகத் தனிக் கடை எதையும் நாங்கள் தேடிப் போகவில்லை. கோயிலிலிருந்து நடந்து செல்லும் தூரத்துக்குள்ளேயே எல்லாம் இருந்தன.

கோயில் பிரசாதங்களையும் அவ்வாறே எண்ணிப் பார்த்தோம். ஆஞ்சநேயருக்குச் சாத்தும் வடைமாலை உளுந்தும் மிளகும் உப்பும் எண்ணெயும் சேர்ந்தது. புளியோதரையின் மணமே நல்லெண்ணெய்தான். ஸ்ரீராமநவமிப் பானகம் வெல்லமும் சுக்கும் ஏலமும் கலந்த நீர். நவராத்திரிச் சுண்டல், விநாயகருக்கு அரிசிமாவும் தேங்காயும் வெல்லமும் கொண்டு செய்யும் கொழுக்கட்டை, ஆடி மாதத்தில் அம்மன் கோயிலில் வார்க்கும் கேழ்வரகுக் கூழ் எல்லாமே நெய்யும் மோரும் சேர்க்காமல் செய்யக்கூடியவை. இவை எதுவும் இல்லாத நாளில் பெருமாள் சந்நிதித் துளசி இருக்கிறது. அர்ச்சகர் அவள் கையில் துளசியை இட்டபோது, அவள் அதை உடனே வாயில் போட்டுக்கொண்டதைப் பார்த்து என் மனைவியின் கண்கள் நிறைந்தன. பிரசாதத்தை அவள் ஒருநாளும் வேண்டாம் என்றதில்லை. தன் விரதத்துக்கு உட்பட்டதை மட்டுமே உண்டாள் என்பது அப்போது மனைவிக்கு விளங்கியது.

“அப்படியானால் சிவனுக்குப் பாலபிஷேகம் செய்வது தவறா?” என்று ஒருநாள் மனைவி என்னிடம் கேட்டாள். நாங்கள் இருவரும் இன்றும் பால் அருந்துகிறோம். பிரதோஷத்துக்குப் பாலும் வாங்கித் தருகிறோம். அதை நிறுத்தும் எண்ணம் இல்லை. ஆனால் சண்டேசுவர நாயனாரின் வரலாற்றை அவளுக்கு நினைவூட்டினேன். சேய்ஞலூரில் ஆயன் ஒருவன் பசுவைக் கோலால் அடித்ததைக் கண்டு பொறாமல், மாடு மேய்க்கும் பணியைத் தாமே ஏற்றார் அந்த அந்தணச் சிறுவர். அவருடைய அன்பில் திளைத்த பசுக்கள் தாமாகவே பால் சொரிந்தன. அந்தப் பாலைத்தான் அவர் மணல் லிங்கத்துக்கு அபிஷேகம் செய்தார். பசுவின் நோவைப் பொறுக்காத நெஞ்சிலிருந்து அந்தப் பூசை தொடங்கியது. பாலை ஏற்பவரும் விலக்குபவரும் அந்த நெஞ்சை மறவாதிருந்தால் ஒரே வீட்டில் ஒற்றுமையாக வாழலாம்.

ஒரே ஒரு குறை மிஞ்சியிருந்தது. தயிர் சாதம் இல்லாமல் உணவை முடிப்பது முடிப்பாகுமா என்று மனைவிக்கு ஆற்றாமை. கடையில் விற்கும் பாதாம் பால், சோயா பால் பொட்டலங்களின் விலை ஓய்வூதியக்காரருக்கு ஏற்றதல்ல. அவளே ஒரு வழி கண்டாள். வேர்க்கடலையை இரவு ஊறவைத்து, தோல் நீக்கி அரைத்து, மெல்லிய துணியில் வடிகட்டிக் காய்ச்சினாள். இளஞ்சூட்டில் பச்சை மிளகாய்க் காம்புகள் நாலைந்தை அதில் போட்டு மூடி வைத்தாள். உறைமோர் இல்லாத நாளில் பச்சை மிளகாய்க் காம்பைப் போட்டுத் தயிர் உறைய வைப்பது அவளுடைய தாயார் கற்றுத்தந்த உபாயம். முதல் நாள் நீர்த்துப்போயிற்று. அடுத்த முறை நீரைக் குறைத்துச் செய்தபோது அது கெட்டியாக உறைந்தது. கடுகு, இஞ்சி, கறிவேப்பிலை தாளித்துப் பிசைந்த அந்தச் சாதத்தைப் பேத்தி இரண்டாம் முறையும் கேட்டு வாங்கி உண்டாள். “பாட்டி கை மணம்” என்றாள். அன்று என் மனைவி உறங்கும்வரை அதையே சொல்லிக்கொண்டிருந்தாள்.

உடல்நலத்தையும் மறக்கலாகாது. பாலை முற்றிலும் விட்டவர்களுக்குத் தாவர உணவிலிருந்து பி12 வைட்டமின் கிடைப்பதில்லை; மருத்துவரைக் கேட்டு மாத்திரையாக எடுத்துக்கொள்ள வேண்டும். பேத்தி அதைத் தவறாமல் செய்கிறாள். கால்சியத்துக்குக் கேழ்வரகு இருக்கிறது. 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் உண்டு. எள்ளும் முருங்கைக்கீரையும் அதற்குத் துணை. வயதான நம்மைப் போன்றோர் பிள்ளைகளைப் பார்த்துவிட்டு உணவைத் திடீரென்று மாற்றிக்கொள்ள வேண்டியதில்லை. மாற்ற விரும்பினால் முதலில் மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.

பேரப் பிள்ளைகள் நம்மிடம் புதிதாக ஒன்றைச் சொல்லும்போது, அது நம்மை மறுப்பதற்காகச் சொன்னது என்று எண்ணிவிடுகிறோம். நாம் சொல்லிக்கொடுத்த ஒன்றை அவர்கள் நம்மைவிட உறுதியாகப் பிடித்துக்கொண்டிருக்கவும் கூடும். அதை அறிய, பொறுமையாகக் காரணம் கேட்பதும், அவர்கள் உண்ணக்கூடியதை மனமுவந்து பரிமாறுவதும் போதும். வடலூரில் 1867ஆம் ஆண்டு வள்ளற் பெருமான் மூட்டிய தருமசாலை அடுப்பு இன்றும் அணையாமல் எரிகிறது. பசித்து வந்தவருக்கு அன்னமிடுவதே வழிபாடு என்று அது நமக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறது.

வரும் நவராத்திரிக்குப் பேத்தி தன் அலுவலகத் தோழியர் நால்வரைக் கொலுவுக்கு அழைத்திருக்கிறாள். அவர்களில் இருவர் அவளைப் போலவே நனிசைவர்களாம். ஒன்பது நாளைக்கும் ஒன்பது சுண்டல், வெள்ளிக்கிழமைக்குத் தேங்காயெண்ணெயில் ஒரு புட்டு என்று மனைவி இப்போதே எழுதி வைத்துவிட்டாள். என் நோட்டுப் புத்தகத்தின் நான்காம் பக்கம் அவள் கையெழுத்தில் இருக்கிறது.