முறுக்கு டின்னும் வரையாடும்

மூணாறுக்குப் புறப்படுகிறோம் என்றதும் அத்தை முதலில் எடுத்து வைத்தது கம்பளியை அல்ல; முறுக்கு டின்னை! அதனால் வந்த வினையைப் பிறகு சொல்கிறேன்.

இரவிகுளம் தேசியப் பூங்காவுக்கு வனத்துறை பஸ்ஸில்தான் ஏற வேண்டும். ராஜமலையில் இறங்கிப் பார்த்தால், காடு எங்கே? கண்ணுக்கெட்டிய மட்டும் புல்! "இதற்கா இத்தனை செலவு?" என்பது போல் அத்தை என்னைப் பார்த்தாள்.

அந்தப் புல்தான் ஐயா விசேஷம்! 2,000 மீட்டருக்கு மேலே, குளிர்கால உறைபனியும் காற்றும் திறந்த சரிவில் மரக் கன்றுகளைத் தலையெடுக்க விடுவதில்லை. மரங்களெல்லாம் பள்ளங்களில் குட்டையாக, நெருக்கியடித்துக்கொண்டு நிற்கின்றன. அதுதான் சோலை. புல்லும் சோலையுமாக மழையைப் பிடித்து வைத்துக்கொண்டு, சிக்கனமான குடும்பத் தலைவி போல ஓடைகளுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத் தருகின்றன.

சுற்றிலும் தேயிலை, இங்கே மட்டும் எப்படித் தப்பியது? தோட்டத்து வெள்ளைக்காரத் துரைமார்கள் வேட்டைக்கென்று இதை ஒதுக்கி வைத்திருந்தார்களாம்! 1975இல் சரணாலயமாகி, 1978இல் தேசியப் பூங்காவாயிற்று. பரப்பு 97 சதுர கிலோ மீட்டர்.

பனிமூட்டம் விலகியது. ஆகா! பத்தடி தூரத்தில், பாறை மேல் ஒரு வரையாடு, காலடியில் குட்டி. தமிழ்நாட்டின் மாநில விலங்கு, கேரளத்து மலையில் எங்களைச் சாவதானமாகப் பார்த்தது. 2025இல் இரு மாநிலங்களும் சேர்ந்து எண்ணியபோது, உலகத்தில் உள்ள மொத்த வரையாடுகளும் மூவாயிரத்தைத் தொடவில்லை.

அத்தையின் கை டின்னுக்குள் போயிற்று.

"வேண்டாம்மா!" என்று ஓடி வந்தார் வனக் காவலர். "இன்னிக்கு முறுக்கு தின்னா, நாளைக்கு மேயப் போகாது, ரோட்டோரம் வந்து நிக்கும். குட்டியும் அதையே கத்துக்கும். இதுங்க குட்டி போடறதுக்காகத்தான் பிப்ரவரி, மார்ச்சில கேட்டையே மூடி வைக்கிறோம்."

அத்தை திகைத்துப் போனாள். டின்னைச் சட்டென்று மூடினாள். பிறகு, கூச்சலிட்டுக் கொண்டிருந்த எங்கள் பையனின் காதைப் பிடித்து, "உஸ்! பிள்ளை பெற்ற வீடுடா இது!" என்றாள்.

முறுக்கு டின் மூணாறு திரும்பிய பிறகுதான் திறந்தது.