அண்ணியின் ஆபரேஷனும் அவங்க கேட்ட கேள்வியும்

நெல்லு, நாத்து, ஏரித் தண்ணின்னு எழுதிட்டு இருக்கிற இடத்துல இன்னிக்கு மார்பகப் புற்றுநோய் ஆபரேஷனைப் பத்தி எழுதுறேன். அண்ணிகிட்ட கேட்டுட்டுத்தான் எழுதுறேன். "பேரு போடாத தம்பி. மத்தது எல்லாம் எழுது, நாலு பொம்பளைங்களுக்கு ஆவும்"னாங்க.

அண்ணிக்கு 46 வயசு. பாகூர் ஏரித் தண்ணி பாயுற எங்க கழனியில நாத்துப் பறிக்கிறதுல இருந்து கட்டுத் தூக்குற வரைக்கும் அவங்க கை படாத வேலை இல்லை. இடது மார்புல கட்டி தட்டுப்பட்டுது. வலி கிடையாது. வலி இல்லையேன்னுதான் நிறைய பேர் மாசக்கணக்குல விட்டுடுறாங்க. அண்ணி விடல. கோரிமேடு ஜிப்மருக்குப் போனோம். மேமோகிராம், பயாப்சி எல்லாம் எடுத்து, புற்றுநோய்தான்னு சொல்லிட்டாங்க.

கட்டியை மட்டும் எடுத்தா போதாதான்னு முதல்ல கேட்டோம். பல பேருக்குப் போதும். 1880கள்ல அமெரிக்காவுல ஹால்ஸ்டெட்னு ஒரு டாக்டர், மார்பகத்தோட நெஞ்சுத் தசையையும் அக்குள் நெறிகளையும் சேத்து எடுக்கிற முறையைக் கொண்டு வந்தார். ரொம்ப காலம் அதுவே வழக்கமா இருந்துச்சு. அப்புறம் அமெரிக்காவுல பெர்னார்ட் ஃபிஷரும் இத்தாலியில வெரோனேசியும் பெண்களை 20 வருஷம் தொடர்ந்து பாத்து, 2002ல முடிவை வெளியிட்டாங்க. ஆரம்பக் கட்டத்துல கட்டியை மட்டும் எடுத்துக் கதிர்வீச்சு கொடுத்தாலும், முழுசா எடுத்தாலும், உயிர் பிழைக்கிறதுல வித்தியாசம் இல்லை. ஆனா அண்ணிக்கு ஒரே மார்புல வேற வேற இடத்துல ரெண்டு கட்டி. ஒண்ணு காம்புக்குக் கீழேயே. அதனால முழுசா எடுக்கணும்னாங்க.

அதுக்குள்ள சொந்தக்காரப் பையன் ஒருத்தன், சென்னையில ஒரு தனியார் ஆஸ்பத்திரியில ரோபோ வெச்சுப் பண்றாங்க, தழும்பே தெரியாதுன்னு போன் போட்டான். அவங்க சொன்ன தொகை ரெண்டு போகம் வெளைஞ்சாலும் கட்டாது. அண்ணன் கழனியை அடமானம் வைக்கக் கிளம்பிட்டார்.

அந்த முறை என்னன்னு நானும் டாக்டர்கிட்ட கேட்டேன். வழக்கமான ஆபரேஷன்ல மார்பு மேலயே நீளமா வெட்டுவாங்க. இதுல அக்குள் பக்கம் சின்னதா வெட்டி, கேமரா வெச்சுப் பாத்து, தோலையும் காம்பையும் விட்டுட்டு உள்ள இருக்கிற சதையை எடுப்பாங்க. அதே வழியா சிலிக்கான் பையை வெச்சு மார்பகத்தை மறுபடி உருவாக்குவாங்க. தழும்பு கைக்குக் கீழே மறைஞ்சிடும். ஆனா நேரமும் செலவும் கூட. காம்புக்கிட்ட நோய் இருந்தா காம்பை விட்டுவைக்க முடியாது. ரோபோவால மார்பகம் எடுக்கிறதுக்குப் பாதுகாப்பும் பலனும் இன்னும் நிரூபிக்கப்படலன்னு அமெரிக்காவோட எஃப்.டி.ஏ. 2019 பிப்ரவரியில எச்சரிக்கை விட்டுச்சு. அதுக்கு முந்தின வருஷம்தான், கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்குச் சின்ன துளை வழியா ஆபரேஷன் பண்ணவங்களைவிட வழக்கமான முறையில வயித்தைத் திறந்து பண்ணவங்க அதிகம் பேர் பிழைச்சாங்கன்னு ஒரு பெரிய ஆய்வு காட்டியிருந்துச்சு. வெட்டு சின்னதா இருந்தா வைத்தியம் பெருசுன்னு அர்த்தம் கிடையாது. இவ்வளவும் கேட்ட அப்புறம் அண்ணி, "என் மாருக்காவ கழனியை வெக்காதீங்க"ன்னு அண்ணன்கிட்ட முடிச்சுட்டாங்க.

அடுத்து, வழக்கமான முறையிலயே எடுத்துட்டு மார்பகத்தை மறுபடி உருவாக்கணுமாங்கிற பேச்சு. வீட்டுப் பெரியவங்க "இந்த வயசுல அது எதுக்கு"ன்னாங்க. "எதுக்குன்னு நான்தானே சொல்லணும்?"னு அண்ணி கேட்டாங்க. கூடம் அமைதியாயிடுச்சு.

டாக்டர்கிட்ட அவங்க வேற கேள்வி கேட்டாங்க: "நான் குனிஞ்சு நடவு நடணும், கட்டுத் தூக்கணும். எதை எடுத்தா எது போவும்?" முதுகுத் தசையைத் திருப்பிக் கொண்டுவந்து வெச்சா, இழுக்கிற, தூக்குற பலம் கொஞ்சம் குறையலாம். வயித்துத் தசையோட எடுத்தா வயிறு பலவீனமாகிக் குடலிறக்கம் வரலாம். தசையை விட்டுட்டு வயித்துத் தோலையும் கொழுப்பையும் மட்டும் எடுக்கிற முறையும் உண்டு. ஆனா நுண்ணிய ரத்தக்குழாய்களை இணைக்கணும், ஆபரேஷன் ரொம்ப நேரம் ஆவும். சிலிக்கான் வெச்சா, அப்புறம் கதிர்வீச்சு கொடுக்கும்போது இறுகிப்போக வாய்ப்பு அதிகம். மறுசீரமைப்பு பண்ணா நோய் திரும்பி வரும்னு ஊர்ல சொல்றது தப்பு. அதை ஒரு வருஷம், ரெண்டு வருஷம் கழிச்சும் பண்ணிக்கலாம்.

கதிர்வீச்சு தேவைப்படலாம்னு சொன்னதால, "இப்போ எடுத்துடுங்க, மத்தது அப்புறம்"னு அண்ணி முடிவு பண்ணாங்க. வழக்கமான ஆபரேஷன்தான். அக்குள்ல நோய் பரவியிருந்ததால அங்க இருந்த நெறிகளையும் எடுத்துட்டாங்க. டியூபும் பாட்டிலுமா வீட்டுக்கு வந்தாங்க.

கழனிக்காரங்களுக்குத் தழும்பைவிடப் பெரிய விஷயம் கைதான். நெறி எடுத்த பக்கம் நீர் கோத்து வீங்கலாம். சின்ன அருவா வெட்டு, முள்ளு குத்துனாக்கூட சீழ் பிடிக்கலாம். அதனால அண்ணி இப்போ கையுறை போட்டுத்தான் கழனியில இறங்குறாங்க. தலைச்சுமை வேணாம்னு நிறுத்திட்டோம். தினமும் சுவத்துல விரலை நடத்தி மேல ஏத்துற பயிற்சி. எட்டின இடத்துல கரிக்கோடு போட்டு வெப்பாங்க. இப்போ கோடு நிலைப்படி உயரத்துக்கு வந்துடுச்சு.

ரவிக்கைக்குள்ள பஞ்சு வெச்சா லேசா இருந்து மேல ஏறுதுன்னு, துணிப்பையில கேழ்வரகு போட்டு அவங்களே தெச்சுக்கிட்டாங்க. எடை சரியா நிக்குதாம். மறுசீரமைப்புப் பேச்சு வந்தா, "கதிர்வீச்சு முடிஞ்சு ஒரு வருஷம் போவட்டும், யோசிக்கிறேன்"ங்கிறாங்க. அது அவங்க கணக்கு.

உங்க வீட்டுல யாருக்காவது இந்த ஆபரேஷன் வந்தா, கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி நாலு கேள்வி கேளுங்க. கட்டியை மட்டும் எடுக்க முடியுமா? அக்குள்ல எவ்வளவு எடுப்பீங்க? கதிர்வீச்சு உண்டா? எந்தத் தசையை எடுத்தா எந்த வேலை கஷ்டமாவும்? கேக்கும்போது அந்தப் பொம்பளையும் கூடவே உக்காந்திருக்கட்டும்.

அடுத்த வாரம் நாத்தங்கால் வேலை. அதைப் பத்தி எழுதுறேன்.