விதி

'விதி' என்னும் சொல்லுக்குத் தமிழில் இரண்டு பொருள் உண்டு: ஒன்று தலையெழுத்து; மற்றொன்று சட்டம். இரண்டும் ஒருசேர எங்கள் வீட்டில் நுழைந்த ஆண்டு 2020.

மார்ச்சு 25-இல் நாடெங்கும் ஊரடங்கு. டில்லி விடுதியில் ஏழு வாரம் அடைந்து கிடந்தேன். மே மாதம் ஓடத் தொடங்கிய சிறப்பு ரயிலோ சென்னை வரைதான். அத்தை வீட்டில் பதினான்கு நாள் தனிமை. அதன்பின் மதுரைக்குப் போகலாமென்றால், இ-பாஸ் இன்றி நகர முடியாது.

ஜூலையில் பாட்டி படுத்த படுக்கையானாள். "பேரன் வந்துவிட்டானா?" என்று ஓயாமல் கேட்கிறாளாம். விண்ணப்பித்தேன், மறுப்பு. மருத்துவர் சீட்டை இணைத்தேன்; மறுபடியும் மறுப்பு. மூன்றாம் முறை எழுதிக்கொண்டிருக்கையில் பாட்டி போய்விட்டாள். காரணம் 'இறப்பு' என்று திருத்தினேன். அன்று மாலையே அனுமதி வந்தது! மறுநாள் போய்ச் சேர்ந்தபோது சாம்பலைத்தான் கண்டேன்.

நண்பர்களே, நோய் பொய்யன்று. கட்டுப்பாடு வேண்டாமென்று நான் சொல்லவில்லை. ஆனால், சாவுக்கு வழிவிட்ட விதி, சாகக் கிடந்தவளைக் காண வழிவிடவில்லையே! ஆகஸ்டு 17 முதல் விண்ணப்பித்தவர்க்கெல்லாம் இ-பாஸ் என்றார்கள். செப்டம்பர் 1 முதல் மாவட்டம் விட்டு மாவட்டம் செல்ல அதுவும் வேண்டாம் என்றார்கள். அதற்குள் நோய் ஓடிவிட்டதா என்ன?

நம்மில் சிலர் நாளை அதிகாரிகளாகி விதி வகுக்கும் நாற்காலியில் அமரக்கூடும். அப்போது, 'மறுப்பு' என்று எழுதுமுன், வாசலைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கும் ஒரு கிழவியைச் சற்றே நினைத்துக்கொள்ளுங்கள்.