நடுவே ஒரு விரிப்பு

பாலம் ஒன்றைக் கடந்து செல்லும்போது நம் கண்ணில் படுபவை சிலவே. மேலே கரிய தார்ச்சாலை, இரு மருங்கிலும் கைப்பிடிச் சுவர், கீழே ஓர் ஆறு அல்லது மற்றொரு சாலை. அந்தத் தார்ச்சாலைக்கும் அதனைத் தாங்கும் கான்கிரீட் தளத்துக்கும் நடுவே, பல பாலங்களில், நான்கைந்து மில்லிமீட்டர் தடிப்பே உள்ள விரிப்பு ஒன்று கிடக்கிறது என்பதை நாம் நாற்பது வயதுவரை அறியோம். குருமடத்தில் மெய்யியல் கற்றோம், இறையியல் கற்றோம். கூரை ஒழுகாமல் காப்பது எவ்வாறு என்பதை மட்டும் எவரும் கற்பிக்கவில்லை. பங்குப் பொறுப்பேற்று ஆறே மாதத்தில், முன்னவற்றைக் காட்டிலும் பின்னதே அடிக்கடி தேவைப்படுகிறது என்பது எந்தக் குருவானவருக்கும் விளங்கிவிடும்.

2011-ஆம் ஆண்டுக் கோடையில், கனடா நாட்டின் மான்றியல் நகரில் வாழும் ஈழத் தமிழ்க் கத்தோலிக்கக் குடும்பங்களிடையே இரண்டு மாதம் பணியாற்றும் வாய்ப்பு நமக்குக் கிட்டியது. ஒரு ஞாயிறு திருப்பலி முடிந்ததும், ஐம்பது வயது மதிக்கத்தக்க அன்பர் ஒருவர் நம்மிடம் வந்தார். அவருடைய விரல் இடுக்குகளெல்லாம் கறுத்திருந்தன. நாம் அவற்றை நோக்குவதைக் கண்டு, “கை கழுவாமல் கோயிலுக்கு வந்திட்டன் எண்டு நினைக்காதேங்கோ, சுவாமி. இது தார். லேசில போகாது” என்றார். யாழ்ப்பாணத்துக் கரையோரத்தார் அவர். தந்தையார் மீன்பிடித் தொழில் செய்தவர். “அப்பா வள்ளத்துக்குத் தார் பூசினவர். நான் பாலத்துக்குப் பூசுறன். தண்ணி ஒண்டுதானே?” என்று சொல்லிச் சிரித்தார். அடுத்த சனிக்கிழமை விடியலில் தம் வேலையைக் காண வருமாறு அழைப்பும் விடுத்தார்.

பாலத்துக்கு நீர்த்தடுப்பு எதற்கு? மழைநீர்தான் இருபுறமும் வழிந்து ஓடிவிடுமே! இதுவே நம் முதற் கேள்வியாயிருந்தது. வழியெல்லாம் அவர் விளக்கிக்கொண்டே வந்தார்.

கான்கிரீட் பார்வைக்குக் கல்லே எனினும், அதனுள் எண்ணிறந்த நுண்துளைகள் உள்ளன. நீர் அவற்றின் வழியே மெல்ல மெல்ல இறங்கும். உள்ளே கிடக்கும் இரும்புக் கம்பிகளை ஆண்டுக்கணக்கில் துருவேறாமல் காப்பது சிமெண்டின் காரத்தன்மை. அதனை முறியடிக்க வல்லது உப்பு. மான்றியல் போன்ற குளிர்நகரங்களில் பனிக்காலம் முழுதும் சாலைகளில் உப்பைத் தூவுவார்கள்; பனி உருகி வண்டிகள் வழுக்காமல் செல்வதற்கான ஏற்பாடு அது. உருகிய நீர் அந்த உப்பையும் சுமந்துகொண்டு தார்ச்சாலையின் வெடிப்புகள் வழியே கீழே இறங்கும். கம்பி துருப்பிடிக்கத் தொடங்கும். துருவோ தான் பிறந்த இரும்பைவிடப் பன்மடங்கு இடம் கேட்பது. ஆகவே உள்ளிருந்தே தள்ளிக் கான்கிரீட்டைப் பிளக்கும். போதாக்குறைக்கு, நுண்துளைகளில் தேங்கிய நீர் உறையும்போது நூற்றுக்கு ஒன்பது பங்கு அளவில் பருத்து, அதுவும் தன் பங்குக்கு நெம்பும். இவ்வளவும் தாருக்கு அடியில், எவர் கண்ணுக்கும் புலப்படாமல் நிகழ்வது.

அந்நகரிலிருந்த பழைய ஷாம்ப்ளேன் பாலம் இதற்குச் சான்று. 1962-இல் திறக்கப்பட்ட அப்பாலத்தை வடிவமைத்தவர்கள் பனிக்கால உப்பைக் கணக்கில் கொள்ளவில்லை. நாம் சென்றிருந்த காலத்தில் அதற்கு முட்டுக்கொடுத்துக் காப்பதே பெரும்பாடாயிருந்தது. பின்னர் 2019-இல் அதனருகே புதிய பாலம் திறக்கப்பட்டது.

வேலைத்தளத்தில் நமக்கு ஒரு தலைக்கவசமும் மஞ்சள் மேலங்கியும் தந்து, தடுப்புக்கு இப்பால் நிறுத்தினார்கள். பழைய தார் முழுவதும் சுரண்டப்பட்டு, பாலத்தின் கான்கிரீட் தளம் வெறுமையாய்க் கிடந்தது. சிறு எஃகு மணிகளை வீசியடிக்கும் பொறியொன்றால் முந்தின நாளே அதனைத் துலக்கியிருந்தார்கள். தளத்தில் ஓரிடத்தில் கண்ணாடித் தாள் ஒன்று நான்கு ஓரங்களும் அடைத்து ஒட்டப்பட்டிருந்தது. நம் அன்பர் முதலில் சென்று குனிந்து பார்த்தது அதனைத்தான். தாளின் அடியில் வியர்வைத் துளி கண்டால் தளத்தில் ஈரம் இருக்கிறதென்று பொருள். அன்றைக்கு வேலை கிடையாது. ஏனெனில் ஈரத்தின் மேல் விரிப்பை ஒட்டினால், அந்த ஈரம் சூட்டில் ஆவியாகி விரிப்பைக் கொப்புளமாய்த் தூக்கிவிடும். கொப்புளம் உள்ள இடத்தில் ஒட்டு இல்லை. அன்று தாள் உலர்ந்தே இருந்தது.

முதலில் பெருக்கினார்கள், காற்றால் தூசியை ஊதினார்கள், பின்னர் நீர்த்த கீலைப் பூச்சாகத் தடவி உலரவிட்டார்கள். அதன் பின்னரே விரிப்பு வந்தது. பாயைச் சுருட்டியது போன்ற கனத்த உருளை அது. வலுவான இழைத்துணியின் இருபுறமும், ரப்பர்போல் நெகிழ்வதற்கான பொருள் சேர்த்த கீலை ஏற்றிச் செய்தது. வாயுச் சுடர்க் குழாயை ஒரு கையில் ஏந்தி, உருளையின் அடிமுகம் பளபளத்து உருகும் வரை சூடேற்றி, அங்குலம் அங்குலமாக அதனை உருட்டிக்கொண்டு போனார்கள். தொடங்கியது பாலத்தின் தாழ்ந்த ஓரத்தில். மேலே வரும் ஒவ்வொரு விரிப்பும் கீழுள்ளதன் ஓரத்தை நான்கு விரற்கடை அளவு மூடிக்கொண்டது. நம்மூரில் ஓடு வேய்வதும் இவ்வாறே அன்றோ? தாழ்வாரத்திலிருந்து தொடங்கி மோட்டுவளைக்கு ஏறினால்தான் நீர் ஓட்டின் மேலோடும். மாறாகச் செய்தால் இடுக்கில் புகும்.

இணைப்பு ஒட்டியதா என்பதை எவ்வாறு அறிவது? உருகிய கீல் ஓரத்தில் மெல்லிய கோடாகப் பிதுங்கவேண்டும். கோடு இல்லையெனில் சூடு போதவில்லை. வழிந்து பரவினால் சூடு மிகுந்து இழை கருகியிருக்கக்கூடும். மேற்பார்வையாளர் ஒரு கரண்டியின் முனையால் ஒவ்வொரு விளிம்பையும் நெம்பிப் பார்த்துக்கொண்டே பின்னால் வந்தார். கைப்பிடிச் சுவரின் அடியில் விரிப்பை மேல்நோக்கி மடித்து ஏற்றினார்கள். வடிகால் துளைகளைச் சுற்றித் தனித் துண்டு வெட்டி ஒட்டினார்கள். ஒழுக்கு உண்டாவது பெரும்பாலும் நடுவெளியில் அன்று, இத்தகைய மூலைகளிலும் முனைகளிலுமே என்றார் அன்பர். பாதி நேரம் அவர்கள் முழங்காலில்தான் இருந்தார்கள். முழங்காற்படியிடுவதைத் தொழிலாகக் கொண்ட நம்மைவிட அவர்களுக்கே அதில் பழக்கம் மிகுதி என்று எண்ணிக்கொண்டோம்.

நண்பகலுக்குள் தளம் முழுதும் கறுத்துவிட்டது. இனி அதன்மேல் சுடச்சுடத் தார்க்கலவை பரப்பப்படும். அதன் சூட்டில் விரிப்பு இன்னும் இறுகப் பற்றிக்கொள்ளும். அதன் பின்னர் இவர்கள் செய்த வேலையை ஒருவரும் காணப் போவதில்லை. இது குறித்து நாம் ஏதோ சொல்லப் போனோம். அவர் இடைமறித்தார்: “எங்கட வேலை கண்ணுக்குத் தெரிஞ்சால் பிழை, சுவாமி. கனகாலம் கழிச்சுத் தெரியும், இல்லாட்டில் தெரியவே தெரியாது.”

திரும்பும் வழியில் அவர் நேரே நம் இருப்பிடத்துக்கு வரவில்லை. ஆற்றைக் கடந்து லவால் என்னும் அண்டை நகருக்குள் வண்டியைச் செலுத்தி, நெடுஞ்சாலையின் குறுக்கே செல்லும் ஓர் இடத்தைக் காட்டினார். கொன்கோர்டு மேம்பாலம் இருந்த இடம் அது. 1970-இல் கட்டப்பட்டது. 2006 செப்டம்பர் 30, சனிக்கிழமை. கான்கிரீட் துண்டுகள் சாலையில் விழுகின்றன என்று வழிப்போக்கர்கள் அறிவிக்க, ஊழியர் ஒருவர் வந்து பார்த்தார். துண்டுகளை அகற்றினார். உடனே மூடவேண்டிய அளவுக்கு ஆபத்து என்று அவருக்குத் தோன்றவில்லை. ஒரு மணி நேரம் செல்வதற்குள், நண்பகல் கடந்து ஏறத்தாழ அரைமணியளவில், பாலத்தின் ஒரு பகுதி அப்படியே இடிந்து வீழ்ந்தது. ஐவர் மாண்டனர், அறுவர் காயமுற்றனர்.

முன்னாள் முதல்வர் பியேர் மார்க் ஜான்சன் தலைமையில் அமைந்த விசாரணை ஆணையம் 2007 அக்டோபரில் அறிக்கை அளித்தது. அதன் சுருக்கத்தை நாம் பின்னர் தேடிப் படித்தோம். கம்பிகளை அமைக்க வகுத்த முறையில் குறை, கட்டும்போது அவற்றை உரிய இடத்தில் வைக்காத குறை, கான்கிரீட்டின் தரக்குறைவு. இவை தலையாய காரணங்கள். துணைக் காரணங்களுள் ஒன்றாக அறிக்கை குறிப்பிட்டது இது: 1992-இல் அப்பாலத்தைப் பழுதுபார்த்தபோது, தளத்தின் மேற்பரப்புக்கு முறையான நீர்த்தடுப்பு இடப்படவில்லை. விரிப்பு ஒன்று இருந்திருந்தால் பாலம் நின்றிருக்கும் என்று எவரும் அறுதியிட்டுக் கூறிவிட முடியாது. ஆணையமும் தனியொருவர் மேல் பழியைச் சுமத்தவில்லை. கோப்புகள் சரிவரப் பேணப்படாத குறையையும் அது சுட்டியது. பழுதுபார்த்தவர்கள் கண்டது பின்வந்தவர்களுக்கு முழுமையாய்ப் போய்ச் சேரவில்லை.

அன்பர் இவ்வளவும் விரிவாகச் சொல்லவில்லை. “தொண்ணூற்றிரண்டில திறந்து பாத்தவங்கள், சுவாமி. திறந்திட்டு, இது போடாமல் மூடிட்டாங்கள்” என்று மட்டுமே சொன்னார். அச்சொற்கள் நம் நெஞ்சில் ஏன் தைத்தன என்பதை அவர் அறியார்.

2008-இல் நாம் ஒரு கடற்கரைப் பங்கில் பணியாற்றிக்கொண்டிருந்தோம். ஆலயத்துக்கு யூபிலி ஆண்டு. மறைக்கல்விக் கூடத்தின் மேல்தளம் ஓதம் பாய்ந்திருந்ததால், அதனைச் செப்பனிட மக்கள் வீடு வீடாகப் பணம் திரட்டித் தந்தார்கள். கொத்தனார் பழைய தட்டோடுகளைப் பெயர்த்தெடுத்தார். “வாட்டம் சரியில்ல சாமி. நீர்த்தடுப்பு போட்டு, செங்கல் ஜல்லி சுண்ணாம்பு அடிச்சு, மறுபடி ஓடு பதிக்கணும்” என்றார். செலவுக் கணக்கைப் பார்த்தோம். ஆயர் அவர்கள் வருகைக்கு இருபது நாளே இருந்தது. கோபுரத்துக்கு மின்விளக்கு அலங்காரம் வேண்டும் என்ற ஆசை நமக்கு நெடுநாளாய் உண்டு. தளத்துக்கு ஒரு சிமெண்டுப் பூச்சு மட்டும் பூசச் சொன்னோம். அடிப்புறத்துக்கு வெள்ளையடித்தோம். எஞ்சிய பணம் கோபுரத்தில் ஏறியது. பங்கின் வரலாற்றேட்டில் நம் கைப்படவே எழுதினோம்: ‘மறைக்கல்விக் கூடத்தின் மேல்தளம் செப்பனிடப்பட்டது.’ 2010-இல் மாற்றலாகி வேறு பங்குக்குச் சென்றோம். பனியுப்பு இல்லாவிடினும் கடலுப்பு அக்கூடத்துக்கு அரை பர்லாங்கு தொலைவில் இருந்தது.

அன்றிரவு பத்து மணிக்கு, நம் நாட்டில் மறுநாள் காலை ஏழரை, அப்பங்கின் பங்குத்தந்தையைத் தொலைபேசியில் அழைத்தோம். நம்மைவிடப் பத்து வயது இளையவர். மறைக்கல்விக்குப் பிள்ளைகள் வந்து கூடும் ஞாயிறு காலை அது. நடந்ததைச் சொன்னோம். மறுமுனையில் சற்று நேரம் பேச்சில்லை. பின்னர், “கூடத்தைப் பூட்டிவிடுகிறேன், ஃபாதர். பிள்ளைகள் புன்னை மரத்தடியில் உட்காரட்டும்” என்றார். வேறொன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நலமாயிருக்கும் என்று தோன்றியது.

ஊர் திரும்பியதும் பங்குப் பேரவையின் முன் சென்று நின்றோம். கோபித்துக்கொண்டவர் ஒருவருமில்லை. அந்நாளில் மீன் விற்ற காசைத் தந்த மூதாட்டி ஒருவர் மட்டும், “விளக்கு நல்லாத்தான் எரியுது, சாமி” என்றார்.

கொத்தனார் சுத்தியலால் அடித்தளத்தைத் தட்டிக்கொண்டே போனார். டங் டங்கென்று வந்த ஓசை நடுவில் பொத்தென்று மாறியது. அவ்விடத்தைக் கொத்தியதும் முறம் அளவுக்குக் காரை பெயர்ந்து விழுந்தது. கீழே மூன்றாம் வரிசைப் பலகை. புதுநன்மை வாங்கவிருக்கும் சிறுவர்கள் அமரும் இடம். பென்சில் பருமன் இருந்த கம்பி சில இடங்களில் ஆணியளவாய் மெலிந்திருந்தது. மெலிந்தவற்றை அகற்றிப் புதுக்கம்பி சேர்த்துக் கான்கிரீட் இட்டார்கள். அது இறுகிக் காய்ந்தபின் மேலே கீல் விரிப்பு ஒட்டினார்கள். அந்த உருளைகள் நம்மூர்க் கடைகளிலும் கிடைக்கின்றன என்பது அப்போதுதான் தெரிந்தது. தாழ்ந்த ஓரத்திலிருந்து தொடங்குமாறு நாம் சொல்ல வாயெடுத்தோம். அதற்குள் கொத்தனார் அவ்வாறே தொடங்கியிருந்தார். செலவில் ஒரு பகுதியை நாம் ஏற்றோம். எவ்வளவு என்பது இங்கே வேண்டாம்.

ஓடு பதிக்குமுன், தளத்தைச் சுற்றிக் களிமண் வரப்புக் கட்டி நீரைத் தேக்கி இரண்டு நாள் வைத்தார்கள். அந்த இரண்டு நாளும் அங்கேயே தங்கினோம். இளம் பங்குத்தந்தை வரலாற்றேட்டை எடுத்து வந்து, 2008-ஆம் ஆண்டுப் பக்கத்தைத் திறந்து, எழுதுகோலையும் வைத்துவிட்டு அகன்றார். பழைய வரியை அடிக்காமல், அதன் கீழே நடந்ததை எழுதி, நாளிட்டு ஒப்பமிட்டோம்.

மூன்றாம் நாள் காலை அனைவரும் கூடத்துள் சென்று அண்ணாந்து பார்த்தோம். வடக்கு மூலையில், வடிகால் குழாயை ஒட்டி, உள்ளங்கையளவு ஈரம் தெரிந்தது. கொத்தனார் ஏணியைச் சாய்த்து மேலே ஏறினார். வரப்பை வெட்டி நீரை வடியவிட்டு, அவ்விடத்து விரிப்பை மறுபடியும் பிரித்தார்.